பூஜைக்குக் கழுவிய எகானமைசர்

வீணாகிற எதைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினாலும் சரி, மூடாத குழாயில் தண்ணீர் சொட்டினாலும் சரி, பள்ளிக்கூட ஆசிரியையான என் அம்மாவிடம்கூடக் குரலை உயர்த்தியிருக்கிறேன். "இவளுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், அதுவும் கரண்டுக்காக" என்று கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்க அம்மா சொல்லி வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில் இப்படிப்பட்ட என்னைப் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் பராமரிப்புப் பொறியாளராக வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது நாற்றத்தில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அதையும் மீறி என் கண்ணில் பட்டது அங்கிருந்த புகைபோக்கிதான்.

தோல் பதனிட வெந்நீர் வேண்டும், காயவைக்க நீராவி வேண்டும். அதற்காக ஒரு பாய்லர் இருந்தது. தார் மாதிரி கெட்டியான ஃபர்னஸ் ஆயிலை எரித்து அது தண்ணீரைக் கொதிக்க வைக்கும். எரிந்து முடித்த புகை, தன் வேலை தீர்ந்தது என்று புகைபோக்கி வழியாக வெளியே போகும். ஆனால் போகும்போது சும்மா போகவில்லை. ஒரு நீளமான தெர்மாமீட்டரை அந்தப் பாதையில் செருகிப் பார்த்தேன். முள் ஏறிய வேகத்தைப் பார்த்ததும் எனக்கு வழக்கமான கோபம் வந்தது. இந்தப் பக்கம் பச்சைத் தண்ணீரைப் பாய்லருக்குள் ஊற்றிச் சூடாக்க எண்ணெயை எரிக்கிறோம், அந்தப் பக்கம் இவ்வளவு சூட்டை ஆகாயத்துக்குத் தாரை வார்க்கிறோம். இதைக் கேட்பார் யாருமில்லையா என்று இருந்தது.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் அனகாபுத்தூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். பரீட்சை எழுதி வாங்கிய பாய்லர் அட்டெண்டன்ட் சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பாய்லர் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். அப்படி மாட்டித்தான் ஆக வேண்டும் என்று விதி இருந்தது, ஆனால் தினமும் காலையில் அதைத் துணியால் துடைக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அவர் துடைப்பார். பொறியாளர் என்றால் அவருக்கு சார்தான். நான் சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்றாலும் என்னையும் சார் என்றே கூப்பிட்டார். இரண்டு மூன்று முறை திருத்தினேன். பிறகு எனக்கே அது பிடித்துப்போயிற்று.

புகை போகும் வழியில் ஒரு பெட்டி வைத்து அதன் சூட்டைப் பிடிக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"இன்னா சார், புகையப் புடிச்சு இன்னா பண்ணப் போறீங்க? போற சூடு போவட்டும். அதுக்கு குறுக்க ஒரு பொட்டி கட்டி, அது அடைச்சிகினு, அப்பால நான் பேஜாராவணுமா?"

எங்கள் வீட்டு அடுப்பை வைத்து அவருக்கு விளக்கினேன். அம்மா சோற்றுப் பானையைத் தட்டு போட்டு மூட மாட்டார். ஒரு பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, அதைப் பானை மேல் மூடியாக வைப்பார். சோறு வேகும்போதே மேலே இருக்கும் தண்ணீரும் சூடாகிவிடும். தனியாக அடுப்பு மூட்ட வேண்டாம். நான் செய்ய நினைத்ததும் அதேதான். புகை போகும் வழியில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் வரிசையாகக் குழாய்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீர் முதலில் அந்தக் குழாய்களுக்குள் போகும், வெளியே புகை அவற்றை உரசிக்கொண்டு மேலே போகும். தண்ணீர் சூடான பிறகே பாய்லருக்குள் நுழையும். இதற்கு எகானமைசர் என்று பெயர். பெரிய ஆலைகளில் எல்லாம் உண்டு. பம்மலில் எங்களைப் போன்ற சின்ன கம்பெனிகள் யாரும் அதுவரை வைத்து நான் பார்த்ததில்லை.

"எங்க வூட்லயும் அப்படித்தான் மூடுவாங்க" என்று அவர் ஒத்துக்கொண்டார். "ஆனா வூட்ல கரி ஒட்டாது சார். இங்க ஒட்டும்."

கரி ஒட்டும் என்பது எனக்கும் தெரியும். அதனால் பெட்டியில் ஒரு கதவு வைத்தேன், பாய்லரை நிறுத்தும் நாட்களில் திறந்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க. இன்னொரு ஆபத்தும் தெரியும். ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் உண்டு. குழாய்கள் ரொம்பக் குளிர்ந்திருந்தால் புகையில் இருக்கும் ஈரம் அவற்றின் மேல் வியர்த்து, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பைத் தின்றுவிடும். அதற்காகவே பச்சைத் தண்ணீரை நேராக விடாமல், நீராவி குளிர்ந்து திரும்பி வரும் வெந்நீரைக் கலந்து விடுவதாக ஏற்பாடு செய்தேன். நோட்டில் இதற்கென்று நான்கு பக்கம் கணக்குப் போட்டு, "அமிலம்" என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டும் வைத்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று பிறகு நான் சொல்லிக்கொள்ள வழியில்லை என்பதற்காகத்தான்.

முதலாளியைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் பிடித்தது. குரோம்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் பெட்டியைச் செய்து கொடுத்தார். சூடு சீக்கிரம் ஏற வேண்டும் என்று குழாய்களை மெல்லிசாகவே கேட்டு வாங்கினேன். பொருத்தி ஓட்டிய முதல் நாள் நானும் அட்டெண்டன்டும் பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாயில் மாற்றி மாற்றிக் கை வைத்துப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு, "சுடுது சார்! நெசமாவே சுடுது!" என்று கத்தினார். தோல் ஊறப்போடும் தொட்டிப் பக்கம் இருந்தவர்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

அதன் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணெய்த் தொட்டியில் கம்பு விட்டு அளப்பது அவருடைய வேலை. கம்பில் கறுப்பு ஏறியிருக்கும் உயரத்தைக் காட்டி, "முந்தி இந்நேரம் இங்க வந்துடும், இப்ப பாருங்க எங்க கீதுன்னு" என்று டீ கொண்டு வருகிறவரிடம்கூடச் சொன்னார். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். எனக்கு முன்னால் அவரே முந்திக்கொண்டு, சோற்றுப் பானை, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் சொல்லி விளக்குவார். என் உவமையைத் தன் உவமையாகவே ஆக்கிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது. நானும் அந்த நாட்களில் தரையில் நடக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பல்லாவரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, இங்கே நிற்கிற யாருக்கும் தெரியாது நான் என்ன செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அதற்கு முந்தின வருஷம் பூஜையன்று நான் ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்திருந்து, பொரிகடலைப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவுமில்லை, கூப்பிடாததைத் தப்பாகவும் நினைக்கவில்லை. இந்த வருஷம் எனக்கு அப்படி ஒதுங்கி இருக்க மனமில்லை. என்னுடைய மெஷின் ஒன்று அங்கே இருந்தது. எல்லாரும் தங்கள் தங்கள் மெஷினைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போது, என்னுடையதை வேறு யாரோ துடைப்பதா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனேன்.

காலையிலேயே பாய்லரை நிறுத்தியிருந்தார்கள். அட்டெண்டன்ட் எகானமைசர் கதவைத் திறந்து, உள்ளே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பிரஷ் எட்டிய இடமெல்லாம் சுமாராக இருந்தது, எட்டாத இடங்களில் கரி அப்பிக் கிடந்தது. வெளியே சந்தனமும் குங்குமமும் கிண்ணத்தில் தயாராக இருந்தன.

"ஓஸ் பைப் விட்டுக் கழுவிடலாமே அண்ணா" என்றேன்.

"வேணாம் சார். உள்ள பிரஷ்ஷு போதும்."

"ஏன்?"

"கரில தண்ணி பட்டா கை எரியும் சார். மழைல சிம்னி ஓரமா நனைஞ்ச கரிய அள்ளறப்ப பாத்துக்கீறேன்."

இங்கே நான் நின்றிருக்க வேண்டும். நனைந்த கரி கையை எரிக்கிறது என்றால் அதில் என்ன இருக்கிறது என்று, சிவப்பு மையில் அடிக்கோடிட்ட எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் அன்றைக்கு நான் பொறியாளராக அங்கே நிற்கவில்லை. பூஜையில் கலந்துகொள்ள வந்தவளாக நின்றேன். கலந்துகொள்ள வந்தவர்களுக்கே உள்ள அதிகப்படி உற்சாகத்தில் இருந்தேன்.

"கிளவுஸ் போட்டுக்கோங்க" என்றேன். அவர் அப்போதும் தயங்கினார். எனக்கு அந்த மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வெளியே பொட்டு வெப்பீங்க, உள்ளே இவ்வளவு அழுக்கை வெச்சுக்கிட்டா சாமி கும்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

பூஜை நாளில் அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. ஓஸ் பைப்பை இழுத்து வந்து கழுவினார். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. எனக்குப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. பம்மல் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பதால் பாய்லருக்கு நல்ல தண்ணீர் லாரியில் வாங்கித் தொட்டியில் நிரப்பி வைப்போம். கழுவியதும் அந்தத் தண்ணீரில்தான். தொட்டி பாதியானதும், திங்கட்கிழமை பாய்லருக்கு வேண்டுமே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. வீணாகிற தண்ணீர் அல்லவா! "போதும், போதும்" என்று நிறுத்தச் சொன்னேன். பெட்டிக்குள் குழாய்கள் பாதி வெளுத்தும் பாதி கறுத்தும் ஈரமாக நின்றன. கதவை மூடினோம். அவர் அதன் மேல் சந்தனத்தை மூன்று கோடாக இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். நானும் பொரி தின்றேன். முதலாளி அன்று ஆபீஸ் பூஜையோடு நின்றுவிட்டார், பாய்லர் அறைப் பக்கம் வரவில்லை.

மறுநாள் விஜயதசமி, அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. பாய்லர் எரியவில்லை. மூடிய பெட்டிக்குள் நனைந்த கரி குழாய்களின் மேல் உட்கார்ந்து இரவும் பகலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் போனேன், மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பாய்லர் ஒழுங்காகவே எரிந்தது. மழை பிடித்துக்கொண்ட பிறகு, ஐந்தாறு வாரம் கழித்து ஒரு காலையில்தான் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக நீராவி வந்தது. எகானமைசரின் அடியில் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. உள்ளே சீறும் சத்தம் கேட்டது. அட்டெண்டன்ட் ஒரு நொடி யோசிக்காமல் தீயை நிறுத்தி, அடைக்க வேண்டியதை அடைத்தார். அவர் கொஞ்சம் அசந்திருந்தால் பாய்லரே போயிருக்கும். அதை யாரும் அன்று பேசவில்லை.

கம்பெனியில் வெந்நீர் இல்லாமல் வேலை நின்றது. முதலாளி பட்டறைக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். பட்டறைக்காரர் வந்து கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு குழாய்களை வெட்டி வெளியே எடுத்தார். வெளிப்புறம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. தன் மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். சரியாகவே கண்டுபிடித்தார்.

"என் வேலையில ஒரு குத்தமும் இல்லைங்க. உள்ளே யாரோ தண்ணி விட்டு, காய வெக்காம மூடிட்டாங்க. இது நனைஞ்ச கரியில இருந்த அமிலம் தின்னது" என்றார்.

முதலாளி திரும்பினார். "யாருப்பா தண்ணி விட்டது?"

"நான்தான் சார்" என்றார் அட்டெண்டன்ட்.

"எதுக்கு?"

"ஆயுத பூஜைக்குக் கழுவினேன்."

"பூஜைன்னா வெளிய கழுவு. உள்ள எதுக்குய்யா கழுவுன? உன்னை யார் கழுவச் சொன்னது?"

அவர் பேசவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வெட்டிய குழாய் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து, குழி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் தோன்றவுமில்லை. முதலாளியே என் பக்கம் திரும்பி, "நீங்க பூஜைக்கெல்லாம் வர்றதில்லை மேடம், உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க உழைப்பை இப்படிப் பாழ் பண்ணிட்டான் பாருங்க" என்றார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூடப் பெரிதாக இல்லை. அந்தப் பட்டறைக்காரர் முன்னால், எகானமைசரைப் பார்க்க வந்து போன பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் முன்னால், படித்தும் இதுகூடத் தெரியாதவள் என்று பேர் வாங்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் ஒன்று இருந்திருக்கலாம் என்று பல வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன்.

"நாளைலேர்ந்து வராதே" என்றார் முதலாளி. பாய்லரைக் கெடுத்தவன் என்று ஒரு கம்பெனியில் அனுப்பினால், பம்மலிலோ பல்லாவரத்திலோ வேறு எந்தப் பாய்லரையும் அவரை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் சுவரிலிருந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழையில் குடையில்லாமல் நடந்து போனார்.

வேறு கம்பெனியிலிருந்து இரவல் ஆள் ஒருவரை வைத்து, எகானமைசரைத் துண்டித்துவிட்டு, பாய்லரைப் பழையபடி ஓட்டினார்கள். அது வியாழக்கிழமை. வெள்ளி போனது, சனி போனது. ஞாயிறு சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரோடும் சேர்ந்து என் வாயும் சொன்னது. வீட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அம்மா, "ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்றார். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அம்மா வகுப்பில் காப்பியடித்த பிள்ளையைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை ஏன் என்கிட்ட சொல்றே?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் போய் நின்றேன். உள்ளே கழுவச் சொன்னது நான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், காய வைக்காமல் மூடியதும் என்னால்தான் என்றேன். என்னையும் வரவேண்டாம் என்று சொல்லுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். முதலாளி சிரித்துவிட்டார்.

"நீங்களா பூஜை பண்ணீங்க? சரி விடுங்க மேடம். படிச்சவங்க, ஒரு தடவை பட்டா அடுத்த தடவை சரியாப் பண்ணுவீங்க. புதுக் குழாய் போட்டுடலாம். அவனை வரச் சொல்லுங்க."

இவ்வளவுதான். அவர் செய்தபோது வேலையை விட்டுத் துரத்த வேண்டிய குற்றம், நான் செய்தபோது அனுபவமாகிவிட்டது. ஆபீசை விட்டு வெளியே வந்தபோது தப்பித்த நிம்மதியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

மத்தியானமே அனகாபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அவர் வீடு ஒரு சந்தில் இருந்தது. அவர் கூரையில் ஒழுகும் இடத்துக்கு பாலிதீன் விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். அவர் மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். கதவு ஓரத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன் அண்ணா. நான்தான் கழுவச் சொன்னேன்னு."

"இன்னா சொன்னாரு?"

"சிரிச்சார்."

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "என்னப் பாத்து சிரிக்கலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு வேலைக்கு வர வேண்டும் என்றேன். வருகிறேன் என்றார். உள்ளேயிருந்து காபி வந்தது. குடித்து முடித்து எழுந்திருக்கும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க ஏன் அண்ணா அன்னைக்கே என் பேரைச் சொல்லலை?"

"நான் சொன்னா, தப்பிச்சிக்கறதுக்கு சொல்றான்னு ஆயிடும் சார். அதே நீங்க சொன்னா நெசம். நீங்க சொல்லுவீங்கன்னு உங்களயே பாத்துகினு இருந்தேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "நீங்க கொழாயப் பாத்துகினு இருந்தீங்க. கவனிக்கல போல" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் தலையாட்டினேன்.

மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். புதுக் குழாய் போட்டோம், எகானமைசர் பல வருஷம் ஓடியது. தொண்ணூறுகளில் நான் வேறு இடங்களுக்குப் போய் அது மாதிரி எத்தனையோ கட்டினேன், ஒவ்வொன்றின் கதவிலும் உள்ளே தண்ணீர் விடக் கூடாது என்று பெரிதாக எழுத வைத்தேன். எங்கே பார்த்தாலும் அவர் நின்று பேசிவிட்டுத்தான் போவார். ஆனால் அந்தத் தலையாட்டல் பொய் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு நேரமும் குழாயை விட்டு நான் தலையை நிமிர்த்தவில்லை.